கிந்தாச் சமவெளியும் தொல்லுயிர்க் கல்வியும்

கல்வெட்டு என்பது யாது என்று தமிழாசிரியர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. மன்னன் ஒருவன் தன் கொடையைக் கல்லில் வெட்டுவித்தான். பல நூற்றாண்டுகள் கழித்து அறிஞர் ஒருவர் அதனைப் படித்து வரலாறு எழுதினார். ஆனால் உளியின் துணையின்றி எழுதப்பட்ட கற்களும் உலகில் உண்டு. கடலடிச் சேற்றில் புதைந்த சங்கு, பவளம், மீன்பல், மரத்துண்டு ஆகியவை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாகி, தாம் வாழ்ந்த காலத்தைத் தம் உருவத்தாலேயே உரைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பாசில் என்பர். புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் என்றும் நூல்களில் வழங்கும். இவற்றைப் படித்தறியும் துறைக்குத் தொல்லுயிரியல் என்று பெயர். வைணவர் பூசையில் வைக்கும் சாளக்கிராமக் கல்லில் காணும் சக்கரமும் அம்மோனைட்டு என்னும் பழங்கடல் உயிரின் சுருண்ட ஓட்டின் சுவடே ஆகும்.

பேராக் மாநிலத்துத் தமிழ் மாணவர் ஒருவர், இளநிலை அறிவியல் பட்டத்திற்கு இத்துறையைப் பாடமாகக் கொள்ள இயலுமா? இவ்வினாவிற்கு விடை காணுமுன், அக்கல்வி இம்மண்ணில் எவ்வாறு தோன்றிற்று என்பதை அறிதல் வேண்டும். அது பள்ளிக்கூடத்தில் தோன்றியதன்று. கோயில் மண்டபத்திலோ அரண்மனையிலோ தோன்றியதுமன்று. ஈயக் குழியில் தோன்றியது.

நெருப்பு அழித்த எழுத்து

ஈப்போ நகரைச் சுற்றிச் செங்குத்தாய் நிற்கும் வெண்மலைகளைக் காணாதவர் இலர். குனோங் ராப்பாட் அவற்றுள் ஒன்று. தைப்பூசத்தின்போது காவடிகள் திரளும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் குனோங் செரோ என்னும் மற்றொரு மலையின் அடியில் அமைந்துள்ளது. இவை யாவும் சுண்ணக்கல் மலைகள். டிவோனியன் காலம் தொடங்கிப் பெர்மியன் காலம் வரையில், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, இங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து இறுகியதே கிந்தாச் சுண்ணக்கல்.

அவ்வாறாயின் மலையெங்கும் சங்கும் பவளமும் நிறைந்திருக்க வேண்டுமன்றோ? பெரும்பாலான இடங்களில் அவை இல்லை. காரணம் உண்டு. டிரயாசிக் காலத்தில், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நிலத்தின் ஆழத்திலிருந்து உருகிய கருங்கற்குழம்பு மேலெழுந்தது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் அதனால் உண்டானவை. அதன் வெப்பம் அருகிருந்த சுண்ணக்கல்லைப் பளிங்காக மாற்றிற்று. பளிங்கில் ஓடுகளின் வடிவம் நிலைக்காது. எழுதிய பலகையை ஈரத்துணியால் துடைத்தாற்போல் அழிந்துவிடும்.

அதே கருங்கற்குழம்பே ஈயத்தையும் கொண்டுவந்தது. ஆகவே கிந்தாவிற்குச் செல்வம் கொடுத்த நெருப்பே கிந்தாவின் பழைய எழுத்தை அழித்தது எனலாம். ஆயினும் முற்றும் அழிக்கவில்லை. வெப்பம் மிகுதியாகத் தாக்காத சில இடங்களில், சிறப்பாகக் கம்பார் நகரின் மேற்கே, ஓடுகள் தம் வடிவோடு எஞ்சின.

எஞ்சியவையும் கண்ணுக்குத் தென்பட்டிருக்க மாட்டா. மலையிலிருந்து மழைநீர் அரித்துக் கொணர்ந்த ஈயமணல், சுண்ணக்கல் தரையின் பள்ளங்களில் தங்கி, அதன்மேல் மண்ணும் களியும் மூடிக் கிடந்தன. ஈயம் எடுப்பவர்கள் அம்மண்ணை நீர்ப்பீய்ச்சியால் கரைத்து, பம்பினால் மேலேற்றி, அடிக்கல் வெளிப்படும் வரை தோண்டினர். அவர்கள் தேடியது ஈயம். தேடாமலே அவர்கள் திறந்து வைத்தது கடலின் ஏடு.

பத்து காஜாவில் ஒரு வழக்கு

ஈயம் எங்கே கிடைக்கும் என்பதை அறிய அரசாங்கத்திற்கு நிலவியலார் தேவைப்பட்டனர். 1903ஆம் ஆண்டில் ஜே. பி. ஸ்கிரிவனர் என்பார் கூட்டு மலாய் மாநிலங்களின் நிலவியலராக அமர்த்தப்பெற்றார். அவர்தம் அலுவலகம் பத்து காஜாவில் அமைந்தது. கிந்தா மாவட்டத்து நிலவியலையும் ஈயத் தொழிலையும் பற்றி 1913இல் அவர் நூல் எழுதினார். 1931இல் மலாயா முழுமைக்குமான நிலவியல் நூலை வெளியிட்டார். இன்றைய ஆய்வாளரும் அவர் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை.

அத்தகைய பெரியாரும் ஓரிடத்தில் இடறினார். கோப்பெங் பகுதியில் பெருங்கற்கள் கலந்த களிமண் படிவுகள் உள. அவை மிகப் பழங்காலத்தில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டியவை என்றும், கருங்கல்லினும் முந்தியவை என்றும் ஸ்கிரிவனர் கருதினார். டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் என்னும் நிலவியலார் அதனை மறுத்தார். வழக்கு நெடுங்காலம் நீண்டது. அவை மிகப் பிற்பட்ட காலத்து ஆற்றுப் படிவுகளே என்பது பின்னர் நிலைபெற்ற முடிபு.

ஒரே மண்ணைக் கண்ட இருவர்க்குள் கோடிக்கணக்கான ஆண்டு வேறுபாடு எப்படி எழுந்தது? காலத்தைக் காட்டும் உயிர்ச்சான்று தெளிவாய்க் கிடைக்காத மண் அது. ஆண்டு குறிக்காத கல்வெட்டைப் பற்றிப் புலவர்கள் வழக்கிடுவது போன்றதே இதுவும். தொல்லுயிரியல் வேடிக்கைக் கல்வியன்று என்பதற்கு இவ்வழக்கு ஒன்றே போதும். ஒரு படிவு பழையதா புதியதா என்பது தெரியாவிடில், அதனடியில் ஈயம் இருக்குமா என்பதும் தெரியாது.

கம்பாரின் மேற்கே

நூல்களிலிருந்து சிறிது விலகி, மற்றோர் ஊழியரை நோக்குவோம். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணிக்காக நிலம் அளந்த வில்லியம் ஸ்மித் என்பார் ஒன்றைக் கவனித்தார். பாறை அடுக்குகள் ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய ஓடுகள் உள. எங்கு வெட்டினாலும் அவை அதே வரிசையில் வருகின்றன. இவ்வுண்மையைக் கொண்டு 1815இல் அவர் தம் நாட்டின் பெரிய நிலவியற் படத்தை வெளியிட்டார். பாறையின் நிறமும் கடினமும் ஏமாற்றலாம். உயிர் வகைகளின் வரிசை ஏமாற்றுவதில்லை. ஓர் உயிர்வகை மறைந்த பின் அதே வடிவில் மீண்டும் தோன்றுவதில்லை ஆதலின், அதன் ஓடு காலமுத்திரை ஆகிறது.

இம்முறையைக் கிந்தாவில் கையாள்வதற்கு ஏற்ற காலம் 1960களில் வாய்த்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. 1950களில் அதில் நிலவியல் துறை எழுந்தது. 1962 முதல் கோலாலம்பூரில் அது தனிப் பல்கலைக்கழகமாய் விளங்குகிறது. அதற்கு முன் இத்துறையில் பட்டம் பெற விரும்பியவர் கடல் கடந்துதான் செல்ல வேண்டும். ஜப்பானிய அறிஞர்களும் அப்போது இங்கு வந்து ஆராய்ந்தனர். 1900 முதல் 1965 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கண்டெடுத்த புதைபடிவங்களின் தொகுப்பை ஜோன்ஸ், கோபெட், கோபயாஷி ஆகிய மூவர் 1966இல் வெளியிட்டனர். இங்குக் குறிக்கப்பெறும் ஜோன்ஸ், ஸ்கிரிவனரோடு வழக்காடியவர் அல்லர், சி. ஆர். ஜோன்ஸ் என்னும் பிற்காலத்தவர். 1967இல் மலேசிய நிலவியற் கழகம் நிறுவப்பெற்றது.

அக்கழகத்தின் முதல் ஆய்விதழ் 1968இல் வெளிவந்தது. அதில் கம்பாரின் மேற்கேயுள்ள மேற்பழந்தொல்லூழிப் பாறைகளின் வரிசையைப் பற்றிய கட்டுரை ஒன்று உள்ளது. அதனை எழுதியவர் டி. சுந்தரலிங்கம். அத்தமிழ்ப் பெயர் இன்றும் கிந்தாவைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகளில் இடைவிடாது வருகிறது. தமிழ் மக்களிடையேதான் அது வழங்கவில்லை.

அவர் செய்தது யாது? ஈயக் குழிகளின் அடியில் வெளிப்பட்ட சுண்ணக்கல்லை ஒவ்வொன்றாய் நோக்கி, அவற்றிலிருந்த ஓடுகளைக் கொண்டு முன்பின் வரிசைப்படுத்தினார். டிவோனியன் தொடங்கிப் பெர்மியன் வரை அடுக்குகளைப் பிரித்தார். பிரித்தவற்றிற்குப் பெயர் வேண்டுமே! நிலவியல் மரபில் பாறை அடுக்குக்கு அஃது உள்ள இடத்தின் பெயரைச் சூட்டுவர். இங்கே இடம் என்பது ஈயச் சுரங்கமே. ஆகவே தை ஓன் அடுக்கு, கிம் லூங் அடுக்கு, குவான் ஓன் அடுக்கு, நாம் லூங் அடுக்கு, எச். எஸ். லீ அடுக்கு என்று சுரங்கங்களின் பெயர்களே பாறைகளின் பெயர்களாயின. அவற்றுள் இறுதியாகக் கூறியது, நாட்டின் முதல் நிதியமைச்சரும் ஈயத் தொழிலதிபருமான எச். எஸ். லீயின் சுரங்கத்தைக் குறிப்பது. சீனர் வெட்டிய குழியில், தமிழர் ஒருவர் வரிசை கண்டு, ஆங்கில இதழில் எழுதிய வரலாறு இது. மலாயா என்னும் நாடு எவ்வாறு உருவாயிற்று என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

எச். எஸ். லீ எட்டாம் எண் சுரங்கத்தின் பாறை பெர்மியன் காலத்தது. அதில் பியூசுலினிட் என்னும் ஒற்றைக்கல உயிர்களின் ஓடுகள் உள. நெல்மணி போன்ற அவற்றை மெல்லிய வில்லையாய் அறுத்து நுண்பெருக்கியில் நோக்கினால், உள்ளறைகளின் அமைப்பைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். ஜப்பானிய அறிஞர் இஷீ 1966இல் அவற்றைப் பற்றி எழுதினார். அதே குழியிலிருந்து கிடைத்த நத்தையினங்களையும் கைட்டன் என்னும் ஓட்டுயிர்களையும் நியூயார்க்கு நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையைச் சேர்ந்த ரோஜர் பேட்டன் 1972 முதல் 1985 வரை மூன்று பகுதிகளாய் விரித்தெழுதினார். கம்பார் நத்தையின் வரலாற்றை அறிய விரும்புவோர் இன்று நியூயார்க்கு வெளியீட்டைத்தான் புரட்ட வேண்டும்.

சுந்தரலிங்கம் இதனோடு நின்றாரல்லர். தைப்பிங் கடற்கரைச் சமவெளியின் இளமண் படிவுகளையும் ஆராய்ந்து, 1985இல் தியோ என்பாருடன் சேர்ந்து அதன் முடிபை வெளியிட்டார். 

பல்லிலிருந்து கண்டம் வரை

ஓட்டைப் பார்த்துக் காலம் கூறுவதோடு இக்கல்வி முடிந்துவிடுவதில்லை. கோனோடான்ட் என்பவை மணலளவே உள்ள, பல் போன்ற நுண்பொருள்கள். அழிந்துபோன ஒருவகைக் கடலுயிரின் வாயுறுப்புகள். சுண்ணக்கல்லைக் காடி போன்ற மென்மையான அமிலத்தில் ஊறவைத்தால் கல் கரைந்துவிடும். இவை கரையாமல் அடியில் தங்கும். பேராக்கின் டிவோனியன், கார்பானிபெரஸ் காலத்துக் கோனோடான்ட்டுகளைப் பற்றி லேன், முல்லர், சீக்லர் ஆகிய மூவர் 1979இல் எழுதினர். திரோனோவை அடுத்த ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், நிலத்தைத் துளையிட்டெடுத்த பாறைத்தண்டுகளில் இவற்றையே தேடி, கிந்தாச் சுண்ணக்கல் நெடுங்காலம் இடையறவின்றிப் படிந்தது என்னும் முடிபை 2017இல் வெளியிட்டனர்.

கோனோடான்ட் ஆய்வில் தேர்ந்த இயன் மெட்கால்ப் என்பார், தீபகற்பத்தின் மேற்குப் பகுதியைத் தாய்லாந்து, பர்மா, சுமத்திரா ஆகியவற்றின் பகுதிகளோடு சேர்த்து ஒரே நிலத்துண்டாகக் கொண்டு, 1984இல் அதற்குச் சிபுமாசு என்று பெயரிட்டார். அத்துண்டு தொடக்கத்தில் கோண்டுவானா என்னும் தென்பெருங்கண்டத்தின் விளிம்பில் இருந்தது. பெர்மியன் காலத்தில் பிரிந்து வடக்கே நகர்ந்து, டிரயாசிக் காலத்தில் கிழக்கேயுள்ள நிலத்தோடு மோதியது. மேலே கூறிய கருங்கற்குழம்பும் ஈயமும் அம்மோதலின் விளைவுகள். இந்தியாவும் அதே கோண்டுவானாவின் பகுதியாக இருந்ததே. கப்பலேறி வந்த நம் முன்னோரின் இரு நிலங்களும், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரே பெருங்கண்டத்தைச் சேர்ந்தவை.

குமரிக்கண்டம் பற்றிய பேச்சு தமிழாசிரியர்க்கு இங்கு நினைவுக்கு வரலாம். லெமூரியா என்னும் பெயரைப் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் 1864இல் வழங்கினார். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகளும் அவற்றின் எச்சங்களும் காணப்படுவதற்கு அவர் கூறிய காரணம் அது. 1875இல் எச். எப். பிளான்போர்டு இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த பழைய நிலம் ஒன்றைப் பற்றி எழுதினார். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் உறுதிப்பட்ட பின், மூழ்கிய பாலம் தேவையற்றதாயிற்று. இலக்கியம் கூறும் கடல்கோள் வேறு. கோடியாண்டுகளுக்கு முற்பட்ட கண்டப் பிரிவு வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல், பாறையைப் படிக்கக் கற்றவர்க்கே முழுமையாக உண்டு.

அந்தப் பிளான்போர்டு நமக்குப் புதியவர் அல்லர். அரியலூர், உத்தத்தூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கிரிட்டேசியக் காலப் பாறைகளை வரிசைப்படுத்தி 1862இல் நூல் வெளியிட்டவர் அவரே. அங்குள்ள அம்மோனைட்டுகளையும் சங்குகளையும் ஸ்டோலிச்கா என்பார் விரித்தெழுதினார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. 1940இல் அதனை உலகறியச் செய்தவர் எம். எஸ். கிருஷ்ணன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு 1951இல் தலைவரான முதல் இந்தியர் அவர். அவரும் முதலில் நிலவியல் மாணவரே. தொல்லுயிரியலுக்கென்று தனிப்பட்டம் அன்று இல்லை.

யானையும் நீர்யானையும்

ஈயக் குழி கடலுயிர்களை மட்டும் காட்டவில்லை. ஈப்போவை அடுத்த தம்புன் பகுதியில், சுண்ணக்கல் குகை ஒன்றின் ஈயமண்ணிலிருந்து விலங்கெலும்புகள் கிடைத்தன. நெதர்லாந்து நாட்டு ஹோய்யர் அவற்றை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அழிந்துபட்ட யானை வகை, சாவகத்தில் வாழ்ந்த துபோய்சியா என்னும் மான்போன்ற விலங்கு, நீர்யானை ஆகியவை அவற்றுள் இருந்தன. இன்று ஆப்பிரிக்காவில் மட்டும் இயற்கையாய் வாழும் நீர்யானை இனம், ஒருகால் ஈப்போவின் ஆறுகளில் திளைத்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 2013இல் வெளிவந்த ஆய்வொன்று பத்துமலைக் குகையிலும் லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையிலும் கிடைத்த ஒன்பது ஓராங் ஊத்தான் பற்களைப் பற்றியது. இன்று தீபகற்பத்துக் காடுகளில் அவ்விலங்கு இல்லை.

லெங்கோங் என்றவுடன் பேராக் மனிதன் நினைவுக்கு வருவான். 1991இல் குவா குனோங் ருந்தோ குகையில் சுரைனா மஜித் தலைமையிலான குழு கண்டெடுத்த அவ்வெலும்புக்கூடு ஏறக்குறைய 10,000 ஆண்டுக்கு முற்பட்டது. லெங்கோங் 2012இல் உலக மரபிடமாயிற்று. ஆனால் மனிதனையும் அவன் செய்த கருவியையும் ஆராய்வது தொல்பொருளியல். மனிதனுக்கு முற்பட்ட உயிர்வரிசையையும் ஆராய்வது தொல்லுயிரியல். முன்னதற்கு வரலாறும் மானிடவியலும் துணை. பின்னதற்கு உயிரியலும் நிலவியலும் துணை. இவ்வேறுபாட்டை அறியாமல் மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் இடையில் வருந்த நேரும்.

பட்டம் பெறும் வழி

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். இங்கிலாந்தில் பிரிஸ்டல், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகங்களைப் போன்ற சிலவும், கானடாவில் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகமும் தொல்லுயிரியல் என்னும் பெயரிலேயே இளநிலைப் பட்டம் அளித்து வந்துள்ளன. மலேசியாவிலும் இந்தியாவிலும் நிலவியற் பட்டத்தின் ஓர் உறுப்பாகவே அது கற்பிக்கப்படுகிறது. மலாயாப் பல்கலைக்கழகம், 1970இல் தோன்றிய மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், சபாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நிலவியல் பயிலலாம். பேராக்கிலேயே பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ரோலிய நிலவியல் உள்ளது.

இதனைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. கனிமம், பாறை, படிவு வரிசை, நிலப்படம் வரைதல் ஆகியவற்றைக் கல்லாமல் புதைபடிவத்தைப் படிப்பது, எழுத்திலக்கணம் கல்லாமல் கல்வெட்டைப் படிப்பது போன்றது. மாணவர் முதலில் பாறைகளை இனங்காணக் கற்பர். பின்னர் பவளம், இரட்டைச்சிப்பி, நத்தை, அம்மோனைட்டு, டிரைலோபைட்டு என உயிர்வகைகளைக் கையிலெடுத்து வரைந்து பழகுவர். விடுமுறையில் சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்திக் களத்திற்குச் செல்வர். இறுதியாண்டில் ஒரு நிலப்பகுதியைத் தாமே ஆராய்ந்து ஏடு எழுதுவர். தொல்லுயிரியலில் தேர விரும்புவோர் அதன்பின் மேற்பட்டத்தில் அதனைத் தனியே கொள்ளலாம். உயிரியலும் வேதியியலும் பள்ளியில் நன்கு கற்றிருத்தல் நலம்.

பிழைப்புக்கு வழி உண்டா என்று பெற்றோர் கேட்பர், கேட்பது முறையே. எண்ணெய் தேடும் கிணறுகளில் நுண்ணுயிர் ஓடுகளையும் மகரந்தத்தையும் கொண்டே பாறையின் காலத்தை அறிகின்றனர். நிலவியல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் 1999இல் இணைந்து உருவான கனிம, நிலவியல் துறை நிலவியலாளர்களைப் பணியில் அமர்த்துகிறது. 2008ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டம் அத்தொழிலுக்குச் சட்ட மதிப்பு அளித்தது. தொல்லுயிரியலர் என்றே சம்பளம் பெறுவோர் மிகச் சிலர். நிலவியலராய்ப் பணியாற்றிக்கொண்டே தொல்லுயிரியலை வளர்த்தவர் பலர். புதியன காண்பதற்கும் இடம் தீரவில்லை. மசதோஷி சோனே தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2012இல் பகாங்கில் டைனோசர்ப் பல்லைக் கண்டெடுத்து 2014இல் அறிவித்தபோதுதான், இந்நாட்டில் அவ்விலங்கு வாழ்ந்ததற்கு முதற்சான்று கிடைத்தது.

தோட்டத்துப் பிள்ளையும் மூடிய ஏடும்

இத்துறையில் தமிழ்ப் பெயர்கள் ஏன் அருகியே காணப்படுகின்றன? பேராக்கின் தமிழர் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் அது தொடக்கக் கல்வியோடு நின்றது. அதற்கப்பால் கற்கப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியை நாட வேண்டும். லயத்திலிருந்து அங்குச் சென்று சேர்வதே பெரும்பாடு. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் வரை சென்றவர் மிகச் சிலர். பால்மரம் வெட்டியவர் அம்மண்ணின் மேல் வாழ்நாள் முழுதும் நடந்தார். அதன் அடியில் உள்ளதை அவர்க்குச் சொல்வார் இலர்.

தோட்டங்களும் நிலைக்கவில்லை. 1950களிலும் 60களிலும் அவை துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துச் சில தோட்டங்களையேனும் தொழிலாளர்க்கு உரிமையாக்க முயன்றார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் வந்தது. தோட்டத்தின் பெயர், கோயிலின் பெயர், சுடுகாட்டின் இடம் ஆகியவற்றை எழுதி வைக்காமையால் இழந்தவை எத்தனை என்பதை நாம் அறிவோம்.

ஈயக் குழிக்கும் அக்கதியே நேர்ந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடின. தஞ்சோங் துவாலாங்கில் 1982இல் ஓய்ந்த ஐந்தாம் எண் ஈயக்கப்பல் காட்சிப்பொருளாய் நிற்கிறது. பம்பு நின்றால் குழியில் நீர் நிறையும். அடிக்கல் வெளிப்பட்டிருந்த குழிகள் பல இன்று மீன் வளர்க்கும் குட்டைகள். சில தூர்க்கப்பட்டு மனைகளாயின. நீருக்கு மேல் நிற்கும் மலைகளையோ சிமெந்துக்கும் பளிங்குக்குமாகக் கல்லுடைப்போர் குறைத்துக்கொண்டிருக்கின்றனர். கிந்தா 2018இல் தேசிய நிலப்பூங்காவாக அறிவிக்கப்பெற்றது ஓர் ஆறுதலே.

இங்கேதான் 1968ஆம் ஆண்டுக் கட்டுரையின் அருமை விளங்குகிறது. அக்குழிகள் திறந்திருந்தது மனித வாழ்நாளில் ஒரு பகுதியளவு காலமே. அக்காலத்தில் ஒருவர் இறங்கிப் பார்த்தார்; வரிசை கண்டார்; பெயரிட்டார்; அச்சிட்டார். சுரங்கம் போயிற்று, முதலாளி போனார், பாறையும் நீருக்குள் மறைந்தது. அவர் இட்ட பெயரும் வரிசையும் நிற்கின்றன. அன்று அப்பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாதிருந்தால், நீர் நிறைந்த பின் யாராலும் அவ்வேட்டை விரித்திருக்க முடியாது. பட்டப்படிப்பு என்பது உத்தியோகத்திற்கு மட்டும் உரியதன்று. திறந்திருக்கும்போதே படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதற்காகவும் அது உரியது.

இன்றும் ஒவ்வொரு நாளும் எங்கோ நிலம் திறக்கப்படுகிறது. பழைய தோட்டத்தின் குறுக்கே சாலை வெட்டுகிறார்கள். வீட்டுக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். சில வாரங்களில் மூடிவிடுகிறார்கள். அதற்குள் நின்று பார்ப்பவர் யார்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களால் ஆகக்கூடியது இங்கு மிகுதி. ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் நிலவியற் காட்சிச்சாலை இருக்கிறது. 1883இல் தோன்றிய பேராக் காட்சிச்சாலை தைப்பிங்கில் இருக்கிறது. மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்லலாம். புதைபடிவம், படிவு, அடுக்கு, ஊழி என்னும் சொற்களைத் தமிழிலேயே பழக்கலாம். பொருள் விளங்கியபின் மலாயிலும் ஆங்கிலத்திலும் அவற்றைக் கற்பது எளிது. இடைநிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு, கம்பாரின் மேற்கே வரிசை கண்ட சுந்தரலிங்கத்தின் பெயரைச் சொல்லலாம். கல்லுமலைக்குக் காவடி பார்க்கச் செல்லும் சிறுவன், அம்மலை முன்பு கடலடியாய் இருந்தது என்பதையும் அறிந்து செல்வானாயின், அவனுள் ஒருவனேனும் சுத்தியலை ஏந்துவான்.